சமையலறைக்கு ஒரு டிரிப் ஷீட்

செவ்வாய்க்கிழமை காலை அஞ்சு இருபதுக்கு டைம்கீப்பருக்கு வயித்தைக் கலக்குச்சு. அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? அந்த மனுஷனே எழுதி வச்சிருக்காரு. வலியில சுருண்டுக்கிட்டே ஓடினவரு, போற வழியில காலண்டர் தாளைக் கிழிச்சு, மணியை எழுதிட்டுத்தான் உள்ள போயிக் கதவைச் சாத்தினாரு.

பஸ் டிப்போவுல இருபத்திரண்டு வருஷமா டைம்கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, ஏன் லேட்டு. அவ்வளவுதான் வேலை. ஆனா அது கையில ஊறிப் போச்சு. ஒரு துண்டுக் காகிதம் கையில பட்டா போதும், பேனா தானா வெளிய வந்து மணியை எழுதிடும். எழுதினது அவருக்கே தெரியாது. மக பொறந்தப்போ நர்ஸம்மா வந்து மருந்துச் சீட்டை நீட்டி, "பொம்பளப் புள்ள"ன்னாங்க. இவரு கண்ணு கலங்க சிரிச்சுக்கிட்டே, சீட்டுக்குப் பின்னாடி "4.42 வருகை"ன்னு எழுதினாரு. இன்னொரு தடவை மாமியாரை வழியனுப்பப் போனவரு, அந்தம்மா டிக்கெட்டுக்குப் பின்னாடி "7.05 புறப்பாடு"ன்னு எழுதி, கை சும்மா இருக்காம "இரண்டு நாள் தாமதம்"னும் சேர்த்துட்டாரு. அந்தம்மா பஸ்ஸுல உக்காந்து டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்திருக்காங்க. அப்புறம் மூணு வருஷம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. அது பெரிய கதை, விடுங்க. வயித்துக்கு வருவோம்.

கதவுக்கு வெளிய சம்சாரம் வந்து நின்னா.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் நாலு தடவையா?"

"மூணு."

"நான் நாலு எண்ணினேன்."

"முதல்ல போனது வழக்கமான டிரிப். அதைச் சேர்க்காதே."

"சரி, நேத்து என்னத்தைத் தின்னீங்க?"

உள்ள அவரு குழாயைச் சத்தமாத் திறந்து விட்டாரு.

ஏன்னு சொல்றேன். டிப்போவுக்கு எதிர்ல ஒரு தள்ளுவண்டிக்காரன் முட்டையைப் பொரிச்சு, ரொட்டிக்குள்ள வச்சு, மேல பச்சை முட்டையில அடிச்ச வெள்ளை சாஸை ஊத்திக் கொடுப்பான். சாஸ் பாட்டில் காலையிலேர்ந்து வெயில்லதான் நிக்கும். திங்கக்கிழமை சாயங்காலம் நம்மாளு அங்க போயி ஒண்ணு தின்னாரு. உள்ள அது ஒண்டியா இருக்குமேன்னு துணைக்கு இன்னொண்ணையும் அனுப்பினாரு. ஒவ்வொரு ரொட்டிக்கும் 'டிப்போ எதிரில் முட்டை ரொட்டி'ன்னு அச்சடிச்ச ஒரு காகிதம் சுத்திக் கொடுப்பான். அதுல வாயைத் துடைச்சு, ரோட்டுல போடக்கூடாதுன்னு மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. ஒழுக்கமான மனுஷன்.

தின்னது பெரிய குத்தமான்னு கேப்பீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி வெளியில தின்னுட்டு, மூணு நாள் ஆஸ்பத்திரியில பாட்டில் ஏத்தினாங்க. சம்சாரம் சோறு தண்ணி இல்லாம பக்கத்துலயே உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்ததும் இவரே ஒரு காகிதத்துல, "இனி வெளியில் எதையும் வாயில் வைக்க மாட்டேன். காலை 9.15"னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டினாரு. தினம் சட்டை எடுக்கும்போது அது அவரைப் பார்க்கும். இவரு அதைப் பார்க்க மாட்டாரு.

ஆகக் கதவுக்குள்ள இருந்து யோசிச்சாரு. யோசிக்கிற இடமா அது? தப்பான பதில்தான் வந்துச்சு.

"என்னத்தைத் தின்னேன்? நீ போட்டதைத்தான் தின்னேன்! அந்த ஞாயித்துக்கிழமை கோழியை எத்தனை நாளைக்குச் சூடு பண்ணிப் போடுவே? உன் சமையலறையிலதான் ஏதோ கோளாறு!"

அவ அடுப்படிக்குத் திரும்பிப் போயிட்டா. அவ கத்தியிருந்தா இவருக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

இதைச் சாதாரணமா நெனைக்காதீங்க. அந்தச் சமையலறையை நம்பி வெளியில பதினோரு டிபன் டப்பா போயிட்டிருந்துச்சு. அச்சகத்துக்கு ஆறு, தையல்கடைக்கு நாலு, மாடி அக்காவுக்கு ஒண்ணு. அதை விடப் பெருசா ஒண்ணு வர்ற மாதிரி இருந்துச்சு. அடுத்த தெருவுல பிள்ளைங்க காப்பகம். முப்பது பிள்ளைங்களுக்கு மத்தியானச் சாப்பாடு இவகிட்டயே வாங்கலாமான்னு காப்பகத்து மேடம் யோசிச்சிக்கிட்டு இருந்தாங்க. "ஒரு மாசம் கழிச்சு வந்து சமையலறையைப் பார்க்குறேன்"னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அவ அதை நெனைச்சு நெனைச்சுச் சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்த நேரம்.

இவரு கத்தினது கதவுக்கு வெளிய மட்டும் கேட்டிருந்தாப் பரவாயில்ல. பாத்ரூம் ஜன்னல் வழியா நேரா மாடி அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு. அந்த அக்கா நல்லவதான். ஒரு விஷயம் காதுல விழுந்தா அதை வச்சுக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஒருதடவை யாரோ குக்கர் விசில் ரிப்பேர்னு சொன்னதை, தெருக்கோடிக்குப் போறதுக்குள்ள குக்கர் வெடிச்சு ரெண்டு பேருக்குக் காயம்னு கொண்டுபோய்ச் சேர்த்தவ. பத்து மணிக்குள்ள தையல்கடையிலேர்ந்து ஆள் வந்து, "ஒரு வாரத்துக்கு எங்களுக்கு வேண்டாம்க்கா"ன்னுட்டாங்க. நாலு டப்பா ஒரே மூச்சுல நின்னுபோச்சு.

சம்சாரம் கஞ்சி வச்சுக் கொடுத்தா. உப்பு, சர்க்கரை கலந்த தண்ணி கொடுத்தா. "வயிறு சரியாகி ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் அடுப்படிப் பக்கம் வராதீங்க. கையில இருக்கிறது சாப்பாட்டுல ஏறும்"னா. அப்புறம் அழுக்குத் துணியைத் தூக்கிட்டுப் போயி, யூனிஃபார்ம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துட்டு நனைச்சா. தடவாம நனைச்சா பேனா மை இறங்கிடும், பாருங்க.

துவைச்சுட்டு வந்து, முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டுக் கட்டில் ஓரமா உக்காந்தா.

"நீங்க சொன்னதை யோசிச்சேன்."

"எதை?" இவரு போர்வையை இழுத்துக்கிட்டாரு.

"கோளாறு என் சமையலறையிலதான்னா திருத்திக்கணுமில்ல? உங்க டிப்போவுல ஒரு வண்டி நடுவழியில நின்னா என்ன செய்வீங்க?"

இவரு எழுந்து உக்காந்தாரு. வயித்துவலி பாதி போச்சு. டிப்போவைப் பத்தி அந்த வீட்டுல யாரும் அவரைக் கேட்டதே இல்ல.

"ரிஜிஸ்டர் போடுவோம்! ஒவ்வொரு வண்டிக்கும் டிரிப் ஷீட். எப்போ கிளம்புச்சு, எங்கெங்க நின்னுச்சு, எல்லாம் எழுதினா கோளாறு தானா வெளிய வந்துடும்."

"வந்துடுமா?"

"வராம எங்க போகும்? எழுத்துக்கு முன்னாடி எந்தப் பொய்யும் நிக்காது."

"அப்போ எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்களேன். எனக்கு எழுத வராது. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

விழுந்துட்டாரு மனுஷன். நாலு டப்பா நின்னது வேற உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. உண்மையைச் சொல்றதை விட உழைச்சுத் தீர்த்துடலாம்னு கணக்குப் போட்டாரு.

உடம்பு தேறினதும் ஒரு பெரிய நோட்டோட சமையலறைக்குள்ள நுழைஞ்சாரு. டிப்போ வழக்கப்படி ரிஜிஸ்டர் தொடங்கினா, முதல் பக்கத்துல ஏன் தொடங்கினோம்னு எழுதணும். எழுதினாரு: "செவ்வாய் காலை 5.20. பயணி ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு. காரணம்: விசாரணையில்." கீழ கையெழுத்துக்கு ஒரு கோடு.

அப்புறம் வீடு வீடா இல்ல. டிப்போ.

ஃபிரிட்ஜுல தட்டுக்குத் தட்டு பிளாட்பார நம்பர் ஒட்டினாரு. பச்சைக் கோழிக்குக் கீழ்த் தட்டுதான். மூடி போட்ட பாத்திரத்துல, மத்ததுமேல ஒரு சொட்டு ஒழுகாம. சமைச்சதெல்லாம் மேல் பிளாட்பாரம். ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு தெர்மாமீட்டர். அஞ்சு டிகிரிக்கு மேல போகக்கூடாது. முதல் நாள் பார்த்தா ஒம்பது! கதவு ரப்பர் கிழிஞ்சு தொங்குது. ஒரு வருஷமா மாத்தித் தாங்கன்னு அவ கேட்டுக்கிட்டிருந்த ரப்பர். அன்னைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து மாத்தினாரு. கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை வாங்கிட்டு வந்தாரு. அதுவும் அவ கேட்டுக்கிட்டிருந்ததுதான்.

"ஏம்மா, கோழியை எதுக்குக் குழாயில கழுவுறே?"

"சுத்தமா இருக்க வேண்டாமா?"

"கழுவினா தண்ணி தெறிச்சு அதுல இருக்கிற கிருமி எல்லாம் ஊர்வலம் போகும். டப்பா, தட்டு, உன் சேலை, எல்லா ஸ்டாப்பிங்கும் நிக்கும். அடுப்புல நல்லா வெந்தாலே செத்துடும். கழுவவேண்டியது உன் கையை. சோப்புப் போட்டு இருபது எண்ணு."

"எண்ணிட்டேன்."

"பன்னெண்டுலயே நிறுத்திட்டே. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சமைச்சது ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய நிக்கக்கூடாது. சோத்தை அகலத் தட்டுல பரப்பி ஆற வச்சு உள்ள தள்ளணும். மூணு நாள்தான் ஹால்ட், அப்புறம் வண்டியை உடைச்சுப் போட்டுடணும். சூடு பண்றது ஒரே ஒரு தடவை, ஆவி பறக்குற வரைக்கும். பிடிதுணியைத் தினம் கொதிக்க வைக்கணும். இதுல எனக்கு ஒருத்தி ஞாபகம் வருது. ஒரே பிடிதுணியில அடுப்பையும் துடைப்பா, பாத்திரத்தையும் துடைப்பா, அழுதா மூக்கையும் துடைச்சுக்குவா. கல்யாணமான புதுசுல அடிக்கடி அழுவா. அந்த வீட்டுல யாருக்கு என்ன வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், சாப்பிடுற நேரத்துல படிப்பீங்க.

நடுவுல பள்ளிக்கூடம் விட்டு மக வந்து ஃபிரிட்ஜைத் திறந்தா.

"அப்பா, இந்தப் பாயசம் எப்போ கிளம்பும்?"

"நேத்து 6.40 வருகை. நாளன்னைக்கு 6.40 வரைக்கும் செல்லும்."

"எனக்கு இப்பவே வேணும்."

"எடுத்துக்க. 'பயணி' பத்தியில பேரை எழுதிட்டுப் போ."

அந்தப் 'பயணி' பத்தி சம்சாரம் கேட்டுப் போட்டது. "எந்தச் சாப்பாடு எந்த வயித்துல ஏறுச்சுன்னு தெரிய வேண்டாமா?"ன்னா. நல்ல யோசனைன்னு தட்டிக் கொடுத்தாரு.

சட்டம் போட்டவரு இவரு. துணி கொதிக்க வச்சதும் இவரு. "நான் கொதிக்க வச்சா நீங்க எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க? பார்க்காததுக்குக் கையெழுத்துப் போடுற ஆளா நீங்க?"ன்னு அவ கேட்டா. ஞாயம்தானேன்னு கரண்டியை வாங்கிக்கிட்டாரு. பலகை தேய்க்கிறது, டப்பாவுக்கு வெந்நீர் ஊத்துறது, தட்டைப் பரப்புறது, எல்லாம் ஒண்ணொண்ணா இவரு கைக்கு வந்து சேர்ந்துச்சு.

வாரத்துக்கு ஒரு தடவை அவ நோட்டைப் புரட்டுவா.

"என்னங்க, முதல் பக்கத்துல காரணம் இன்னும் எழுதலையே?"

"விசாரணை நடக்குது."

"இன்னுமா?"

"பெரிய விசாரணை."

ரெண்டாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம், தெர்மாமீட்டர் பையில இருக்கே, போற வழிதானேன்னு தள்ளுவண்டிக்குப் போனாரு. தின்னல. சாஸ் பாட்டிலுக்குள்ள விட்டுப் பார்த்தாரு. முப்பத்தி மூணு.

"ஏம்பா, இது சாஸா, வெந்நீரா? இதை ஐஸ்ல வைக்கக் கூடாதா?"

"நாலு வருஷமா தின்னுட்டு இன்னைக்குத்தான் சார் இதுக்குக் காய்ச்சல் பார்க்குறீங்க" அப்படின்னான் அவன். "ஒண்ணு போடவா? உங்களுக்குன்னா ரெண்டாச்சே?"

மூக்கைப் பொத்திக்கிட்டு வந்துட்டாரு. அந்த வாசனைக்கு அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா நம்புங்க.

ஒரு மாசம் ஓடிச்சு. தையல்கடைக்காரங்க மட்டும் திரும்பி வரவே இல்ல. சனிக்கிழமை பத்து மணிக்குக் காப்பகத்து மேடம் வந்தாங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசுறது கம்மி. பின்னாடியே, உப்பு கேக்குற சாக்குல மாடி அக்காவும் வந்து நின்னா. மேடம் ஃபிரிட்ஜைத் திறந்தாங்க, நாலு டிகிரி. பலகையை முகர்ந்து பார்த்தாங்க. பிடிதுணியைத் தொட்டுப் பார்த்தாங்க. நோட்டைப் புரட்டப் புரட்ட அவங்க முகம் மலர்ந்துச்சு.

"இப்படி ஒரு நோட்டு நான் எங்கயும் பார்த்ததில்ல. யார் எழுதினது?"

"நான்தாங்க" அப்படின்னு டைம்கீப்பர் நெஞ்சை நிமித்தினாரு.

மேடம் முதல் பக்கத்துக்கு வந்தாங்க. கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டாங்க.

"இது என்ன? வயித்துக் கோளாறு, காரணம் விசாரணையில்?"

டைம்கீப்பர் தெர்மாமீட்டரைத் துடைக்க ஆரம்பிச்சாரு.

"இந்த வீட்டுச் சாப்பாட்டுலயா வந்துச்சு?"

"அப்படித்தான் இவரு சொன்னாரு" அப்படின்னா சம்சாரம். குரல்ல கோபம் இல்ல, குத்தல் இல்ல. அதுதான் இவரைக் கொன்னுச்சு.

"அம்மா, நீங்க நல்லாத்தான் பண்றீங்க" அப்படின்னு மேடம் நோட்டை மூடினாங்க. "ஆனா எங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு வயசு, மூணு வயசு. ஒருத்தருக்கு எதனால வந்துச்சுன்னு தெரியாத சமையலறையிலேர்ந்து நான் எப்படி வாங்குவேன்? காரணம் தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பையை எடுத்துத் தோள்ல மாட்டினாங்க. சம்சாரம் அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. காலையிலேர்ந்து அவ உடுத்தியிருந்த புதுச் சேலையை இவரு அப்பத்தான் பார்த்தாரு. மாடி அக்கா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. மக அப்பன் முகத்தையே பார்க்குறா. மேடம் செருப்பை மாட்டிட்டாங்க.

"மேடம், நில்லுங்க!"

நின்னாங்க.

"வந்து... அது இந்த வீட்டு வண்டி இல்லீங்க."

"என்ன?"

"திங்கக்கிழமை சாயங்காலம். டிப்போவுக்கு எதிர்ல. தள்ளுவண்டி. முட்டை ரொட்டி. வெள்ளை சாஸ் போட்டது. நான்தான் தின்னேன். இவ சமையல்ல ஒரு குத்தமும் இல்ல. அன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல." மூச்சு வாங்கிக்கிட்டாரு. பீரோ கதவுல இருந்த காகிதம் அங்கேர்ந்தே தன்னைப் பார்க்குற மாதிரி இருந்துச்சு. "ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன்."

மாடி அக்கா உப்பைக்கூட வாங்காம தெருவுல இறங்கிட்டா. நல்லதாப் போச்சு. அரை மணி நேரத்துல தையல்கடைக்கு விஷயம் போயிடும், நாலு டப்பாவும் திரும்பி வந்துடும்.

சம்சாரம் அசரவே இல்ல. ஆச்சரியப்படல. மேடம் மூடி வச்ச நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேடைமேல வச்சா.

எழுத வராதுன்னு சொன்னவ கையெழுத்து அழகா, நேர்கோட்டுல இருந்துச்சு. "திங்கள் மாலை. டிப்போ எதிரில் தள்ளுவண்டி. முட்டை ரொட்டி, வெள்ளை சாஸ். பயணி: ஒருவர்." தேதியைப் பார்த்தா, அந்தச் செவ்வாய்க்கிழமை! துணி துவைச்ச நாள்! நோட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா, தான் கண்டுபிடிச்ச அந்தத் தேதியையே போட்டு எழுதி வச்சிருக்கா. ஒரு மாசமா இவரு கொதிக்க வச்ச ஒவ்வொரு பிடிதுணியையும் அவ பார்த்துக்கிட்டு நின்னிருக்கா.

அதுக்குக் கீழ வெள்ளை சாஸ் கறையோட ரெண்டு எண்ணெய்க் காகிதம் பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. சட்டைப் பையில மடிச்சு வச்ச அதே காகிதம். ஒண்ணுல முத்து முத்தான எழுத்துல 6.10. இன்னொண்ணுல 6.25. கை எப்போ எழுதிச்சுன்னு அந்தக் கைக்காரருக்கே தெரியாது.

மேடம் செருப்பைக் கழட்டிட்டு மறுபடி உள்ள வந்தாங்க. "திங்கக்கிழமையிலேர்ந்து முப்பது சாப்பாடு அனுப்புங்கம்மா. ஆனா ஒரு நிபந்தனை, இந்த நோட்டை எழுதுறவரை மட்டும் மாத்தாதீங்க."

"மாத்த மாட்டேன் மேடம். துணி கொதிக்க வைக்கிறதும் அவருதான்" அப்படின்னா சம்சாரம். பேனாவை எடுத்துத் திறந்து டைம்கீப்பர் கையில கொடுத்தா.

"நீங்க ஒண்ணுன்னீங்க. இங்க ரெண்டு இருக்கு. திருத்தணுமாங்க?"

"வேண்டாம்" அப்படின்னு சொல்லி, முதல் பக்கத்துல காலியா இருந்த கோட்டுமேல கையெழுத்துப் போட்டு, பக்கத்துல மணி 10.35-ன்னு எழுதினாரு.